மூன்று வீடு தள்ளி ஒரு கழுத்து

இண்டூர், மேலத் தெரு
18-1-1971

மாப்பிள்ளை காளியப்பனுக்கு,

உன் அக்காள் புருஷன் அர்ச்சுனன் எழுதுவது. இன்லேண்டு கடிதத்தைப் பார்த்ததும் பெங்களூரிலிருந்து யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாய். இல்லை. உன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இது போஸ்டாபீசுக்குப் போய், முத்திரை குத்து வாங்கி, முனிராஜின் பையில் ஏறி, என் வாசலைத் தாண்டித்தான் உன்னிடம் வந்து சேரும். சிரிக்காதே.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாரியம்மன் பண்டிகையில், ஊர் கூடியிருந்த இடத்தில், உன் கையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேன். நீ கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனிமே இந்த ஆளுகிட்ட ஒரு வார்த்தை பேசுனன்னா என் கை வெளங்காம போவட்டும்" என்று சத்தியம் செய்தாய். பேசினால் என்றுதான் சொன்னாய். எழுதினால் என்று சொல்லவில்லை. முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய வாத்தியார் நான். இதில் தப்புக் கண்டுபிடிக்க உன் மாரியம்மனாலும் முடியாது.

விஷயம் என் கழுத்து. எட்டு மாதமாக வலி. முதலில் பிடரியில் இருந்தது. பிறகு வலது தோளுக்கு இறங்கியது. இப்போது விரல் வரைக்கும் வந்துவிட்டது. மாட்டுப் பொங்கலன்று எருமைக் கொம்புக்குச் சாயம் பூசும்போது சாயக் கிண்ணம் கையிலிருந்து நழுவி விழுந்தது. பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன், பிடித்திருக்கவில்லை. எழுத்தும் கோணுகிறது, பார்த்தாலே தெரியும். எனக்கு அறுபத்து மூன்று வயது. எழுதாத, படிக்காத அர்ச்சுனன் எப்படி இருப்பான் என்று யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உன் அக்காளிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தேன். தீர்த்தம்மாள் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டாள். "ரெண்டு பேரு வீம்புக்கும் நடுவுல ஓடியாற என்னால ஆவாதுங்க. வேணும்னா தபால் போட்டுக்குங்க." அதனால்தான் தபால்.

சுற்று வட்டாரத்துக்கெல்லாம் கழுத்துச் சுளுக்கு எடுக்கிறாய். ஒரு நாள் வந்து எனக்கும் ஒரு நெட்டி எடுத்துவிட்டுப் போ. நீ பேச வேண்டியதில்லை.

அர்ச்சுனன்


இண்டூர்
21-1-71

மாமா அவர்களுக்குக் காளியப்பன் கும்பிடு.

கடிதம் கிடைத்தது. நெட்டி எடுக்க முடியாது.

உங்களுக்குக் கழுத்துவலி என்று நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஐப்பசியிலிருந்து பார்க்கிறேன். பின்னால் சைக்கிள் மணி அடித்தால் நீங்கள் தலையைத் திருப்புவதில்லை, உடம்போடு திரும்புகிறீர்கள். இரண்டு வருஷமாக என் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனீர்களே, கழுத்துக்கு அதுவே பழகிப் போயிருக்கும்.

இரண்டு தலையணை வைத்துப் படுப்பதை நிறுத்துங்கள். ஒன்று போதும். கன்றுக்குட்டி மாதிரி வெடுக்கென்று எழுந்திருக்காதீர்கள்.

காளியப்பன்


இண்டூர்
23-1-1971

காளியப்பனுக்கு,

நான் இன்லேண்டில் ஒட்டி அனுப்பியதற்கு நீ கார்டில் பதில் போடுகிறாய். முனிராஜ் அதை என் கையில் கொடுத்துவிட்டு, "ஒரே தலகாணி வெச்சுப் படுங்க வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் போகிறான். மளிகைக் கடையில் இரண்டு பேர் என் கழுத்தை விசாரித்தார்கள். இந்தத் தெருவில் இனி என் கழுத்தைப் பற்றித் தெரியாதது மாரியம்மன் கோயில் கல்தூண் மட்டும்தான்.

நீ முடியாது என்று எழுதியதன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. நல்லம்பள்ளியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவனுக்குச் செய்கிறாய். யார் பெற்ற பிள்ளையோ, லாரி கிளீனர், அவனுக்கு என் கண் முன்னாலேயே செய்தாய். எனக்கு மட்டும் முடியாது. நான் அன்றைக்குச் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, கிழவன் நன்றாக அனுபவிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாய். சரி, உட்கார்ந்துகொள். தர்மபுரியில் வேறு ஆள் இல்லாமலா போய்விட்டான்? திங்கட்கிழமை பஸ் ஏறுகிறேன்.

அர்ச்சுனன்


இண்டூர்
24-1-71

மாமா அவர்களுக்கு,

கும்பிடு. இந்தத் தடவை இன்லேண்டிலேயே எழுதுகிறேன். இதைப் படித்து முடிக்கும் முன்னால் தயவுசெய்து பஸ் ஏறாதீர்கள். இன்றைக்கு ஞாயிறு, பெட்டியில் போட்டால் லேட்டாகும் என்று முனிராஜை வீட்டில் போய்ப் பிடித்துக் கையில் கொடுத்திருக்கிறேன். அவன் திட்டிக்கொண்டேதான் வாங்கினான்.

சவுரியப்பன் கொத்தனாரை உங்களுக்குத் தெரியும். அந்தப் பண்டிகைச் சமயத்தில் அவருக்கு எழுபது வயசு. கழுத்து பிடித்துக்கொண்டது என்று வந்தார். அவர் கட்டின மதில் ஒன்றைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திருப்பினேன். படக்கென்று சத்தம் வந்தது. சுற்றி நின்றவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! அவர் எழுந்தார். கண் ஒரு பக்கமாக ஓடியது. வாந்தி எடுத்தார். கால் நிற்கவில்லை. இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு சரியாகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குச் சைக்கிளில் போகிறார், என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

அது நடந்து ஏழாம் நாள்தான் பண்டிகை. "இவன் கையில கழுத்தக் குடுக்கறதும் கசாப்புக் கடையில குடுக்கறதும் ஒண்ணு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். எனக்குக் கோபம் வந்தது நீங்கள் பொய் சொன்னீர்கள் என்பதால் இல்லை மாமா. அந்த ஏழு நாளும் நானே எனக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை உங்கள் வாயால் கேட்க முடியவில்லை.

அடுத்த வாரமே தர்மபுரிக்குப் போய் எங்கள் ஹயாத் பாஷா உஸ்தாதைப் பார்த்தேன். வாலிபத்தில் அவருடைய குஸ்திக் களத்தில்தான் இந்தக் கை பழகியது. நடந்ததைச் சொன்னேன். "வாலிபன் கழுத்து வேற, வயசாளி கழுத்து வேற. எலும்பு தேஞ்சிருக்கும், ரத்தக் குழாய் நொந்திருக்கும். சத்தத்துக்கு ஆசப்படாத பேட்டா" என்றார். அன்றிலிருந்து ஐம்பது தாண்டின கழுத்தில் நான் நெட்டி எடுப்பதில்லை. ஊருக்கு இது தெரியாது. கேட்டு வருகிறவர்களிடம் இன்றைக்கு நாள் சரியில்லை என்று சொல்லி, ஒத்தடம் கொடுத்து அனுப்பிவிடுவேன். நான் திருப்புகிறதெல்லாம் லாரி கிளீனர்களைத்தான்.

உங்களுக்கு விரல் மரத்துப் போகிறது, கிண்ணம் நழுவுகிறது. அப்படிப்பட்ட கழுத்தை எவனும் திருப்ப நான் விடமாட்டேன். முதலில் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

காளியப்பன்


இண்டூர்
6-2-1971

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

திங்கட்கிழமை தர்மபுரி பஸ் ஏறவில்லை. சேலம் பஸ் ஏறினேன். உன் அக்காளும் வந்தாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, கழுத்து எலும்பு மூன்று இடத்தில் தேய்ந்திருக்கிறது, நரம்பை அழுத்துகிறது என்று டாக்டர் காட்டினார். தாடைக்கு முட்டுக் கொடுக்க ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் பிரிமணையில் வைத்த பானை மாதிரி இருக்கிறேன் என்று தீர்த்தம்மாள் சொல்கிறாள்.

டாக்டர் சொன்னார்: "உங்க ஊர்ப் பக்கம் எவனாவது கழுத்தைத் திருப்பிச் சத்தம் வர வைக்கிறேன்னு வந்தா, கிட்டயே சேர்க்காதீங்க."

"அப்படி ஒருத்தன் இருக்கானுங்க. அவன்தான் என்னை இங்க அனுப்புனான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படின்னா அவர்கிட்டயே போங்க. சூடு ஒத்தடம் கொடுத்து, திருப்பாம, மெதுவா பிடிச்சுவிடச் சொல்லுங்க. மாசம் ரெண்டு ஆகும். அப்பவும் விரல் சரியாகலைன்னா வாங்க, பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் கத்தி என்று அர்த்தமாம், வெளியே வந்தபின் நர்சு சொன்னது. தீர்த்தம்மாள் பஸ்ஸில் ஊர் வரும் வரைக்கும் என் வலது கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் பஸ்ஸில் அவள் அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளை, நான் மன்னிப்புக் கேட்டுப் பழகியவன் இல்லை. பிள்ளைகளைக் கேட்க வைத்துத்தான் பழக்கம். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை தப்பு. தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதை ஊர் முன்னால் சொன்னேன். நீ வர வேண்டும். பேச வேண்டாம், வந்தால் போதும்.

உன் மாமன்
அர்ச்சுனன்


இண்டூர்
12-2-71

மாமா அவர்களுக்கு,

கும்பிடு. செவ்வாய்க்கிழமை நான் வந்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அதைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும்.

நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தது வரைக்கும் பரவாயில்லை. பிறகு உங்களைப் படுக்க வைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து, தலையை இரண்டு கையிலும் வாங்கினேன். தலை வரவே இல்லை மாமா. நீங்களே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். என் கைக்கு வந்தது வெறும் முடிதான். தலையின் பாரம் முழுக்க என் கையில் விழுந்தால்தான் உள்ளே இருக்கிற தசை விடும். அது விட்டால்தான் நரம்புக்கு இடம் கிடைக்கும்.

எங்கள் வேலையில் பாதி கை, பாதி வாய். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆளுக்குத் தன் கழுத்து என் கையில் இருக்கிறது என்பதே மறந்துவிடும். அன்றைக்கு நான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கண்ணை அகலத் திறந்துகொண்டு, வெட்டப் போகிற ஆடு மாதிரி என்னைப் பார்த்தீர்கள். எனக்கே கை கூசியது.

எனக்குப் பதிலாக அக்காள் பேசிப் பார்த்தாள். ரேஷனில் சர்க்கரை வரவில்லை, கூரை ஒழுகுகிறது, பெரிய பையனிடமிருந்து கடிதம் இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல உங்கள் கழுத்து இன்னும் இறுகியது. அவளைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன், கோபித்துக்கொண்டாள். நானே இப்போது அங்கே வரப் பயப்படுகிறேன்.

இப்படிச் செய்தால் பலன் கிடைக்காது. சத்தியம் செய்தது சும்மா இல்லை மாமா. என் கை போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

காளியப்பன்


இண்டூர்
14-2-1971

மாப்பிள்ளை,

சத்தியமாவது ஒன்றாவது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நான் கோயில் வாசலோடு நிற்கிறவன், உனக்குத் தெரியும். கற்பூரத்துக்குக் காது கிடையாது என்று வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தவன். ஆனால் உன் கையைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபின் அப்படி எழுத மனசு வரவில்லை.

வேறு வழி ஒன்று தோன்றுகிறது. நம் தெருவில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? எதிர்வீட்டுக் குள்ளம்மாள் மருமகளைத் திட்ட வேண்டுமென்றால் கோழியைத் திட்டுகிறாள். மருமகள் உரலைப் பார்த்துப் பதில் சொல்கிறாள். பதினொரு வருஷமாக அந்த வீட்டில் குடித்தனம் நடக்கவில்லையா?

என் வீட்டுக் கொட்டகையில் எருமை சும்மாதான் நிற்கிறது. அதன் பக்கத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். நீ அதனுடன் பேசு. நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அர்ச்சுனன்


இண்டூர்
17-2-71

மாமா அவர்களுக்கு,

பூசாரி கிருஷ்ணப்பனைக் கேட்டேன். "எருமகிட்ட சொன்னா எரும கேட்டுக்குது. பக்கத்துல படுத்திருக்கிற ஆளு காதுல விழுந்தா அதுக்கு ஆத்தா என்னா பண்ணுவா?" என்றார். நாளைக் காலை வருகிறேன். எருமைக்குத் தீனி போட்டு வையுங்கள், தலையை ஆட்டினால் எனக்குப் பேச்சு வராது.

காளியப்பன்


இண்டூர்
5-3-1971

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இரண்டு வாரம் ஆயிற்று. இண்டூரிலேயே நல்ல கழுத்து இப்போது என் எருமையின் கழுத்துதான். "ஏ எருமை, மூச்ச விடு. ஏ எருமை, தாடையக் கடிக்காத. பல்லு உனுக்கு இருக்கறதே பன்னண்டு" என்று நீ சொல்லும்போதெல்லாம் அது என்னைத் திரும்பிப் பார்க்கிறது. பன்னிரண்டு இல்லை, பதினான்கு. அதை அதனிடம் சொல்லிவிடு.

முதல் நான்கு நாள் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தால் கழுத்து இளகுகிறது என்று நீ எருமையிடம் சொன்னாய். சரிதான். ஆனால் என் தலை உன் கையில் முழுசாக விழுந்தது என்றைக்கு என்று உனக்குத் தெரியுமா? ஐந்தாம் நாள். போன புரட்டாசியில் எனக்குக் காய்ச்சல் வந்து பதினெட்டு நாள் கிடந்தேன் அல்லவா? தினமும் விடிகாலையில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, என் இருமல் சத்தம் கேட்ட பிறகுதான் நீ ஏர் பூட்டப் போவாயாம். ஒரு நாள் இருமல் கேட்கவில்லையாம். குத்துக்கல் மாதிரி அங்கேயே நின்றாயாம், அக்காள் கொல்லைப் பக்கம் வந்து, "மாமாவுக்குக் காய்ச்ச வுட்டுடுச்சு, வூட்டுக்குப் போடா" என்று சொல்லும் வரைக்கும்.

இதை நீ என்னிடம் சொல்லியிருக்கவே மாட்டாய். எருமையிடம் சொன்னாய். எனக்குக் கண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது. நீ ஒத்தடத் தண்ணீர் என்று நினைத்துத் துடைத்துவிட்டாய்.

விரல் மரப்பு பாதி குறைந்திருக்கிறது. நேற்று உன் அக்காளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். "இது எத்தனாவது தடவ பாத்துக் கோத்தீங்க?" என்றாள். நாலாவது. அவளுக்கு மூன்று என்று சொல்லியிருக்கிறேன்.

அர்ச்சுனன்


இண்டூர்
8-3-71

மாமா அவர்களுக்கு,

கும்பிடு. ஒத்தடத் தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். அது சூடாக இருக்கும், இது அவ்வளவு சூடு இல்லை.

பேப்பரை மடியில் வைத்துக் குனிந்து படிக்காதீர்கள். கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள், கை வலித்தால் அன்றைக்குச் செய்தி போதும் என்று அர்த்தம். கிணற்றுப் பக்கம் தனியாகப் போக வேண்டாம். குனிந்து நிமிரும்போது உங்களுக்குத் தலை சுற்றுகிறது என்று அக்காள் சொன்னாள், நீங்கள் சொல்லவில்லை.

காளியப்பன்


இண்டூர்
15-3-71

மாமா அவர்களுக்கு,

இனி நான் வரமாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வியாழக்கிழமை நீங்கள் கிணற்று மேட்டில் நின்று வாளியை எடுக்கக் குனிந்ததை என் வயலிலிருந்து பார்த்தேன். நிமிர்ந்தீர்கள். ஒரு கை காற்றில் எதையோ தேடியது. வரப்பிலிருந்து ஓடி வரும்போது என் வாயிலிருந்து வந்துவிட்டது. "மாமா, அசையாதீங்க! அப்பிடியே நில்லுங்க மாமா!" என்று கத்தினேன். பக்கத்தில் எருமை இல்லை. யாரும் இல்லை. உங்களைப் பார்த்து, உங்களிடம்தான் சொன்னேன். நீங்கள் நின்றீர்கள். வந்து கையைப் பிடித்து இழுத்தேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. இன்னொரு தடவை நடந்தாலும் கத்துவேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் என் வலது கை கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது. மாட்டுக்குத் தாம்புக் கயிற்றில் முடிச்சுப் போட வரவில்லை. சனிக்கிழமை பாலக்கோட்டிலிருந்து ஒரு ஆள் தோள் விலகி வந்தான். கையை வைத்தேன். நடுங்கியது. உஸ்தாதிடம் போகச் சொல்லி அனுப்பிவிட்டேன். சத்தியம் பலித்துவிட்டது மாமா. இந்தக் கையை உங்கள் கழுத்தில் நான் வைக்கமாட்டேன்.

காளியப்பன்


இண்டூர்
17-3-1971

மாப்பிள்ளை,

ஏன்டா, மூளையைக் களத்து மேட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாயா? அறுபத்து மூன்று வயது ஆளை, கிணற்றுக்குள் சாய்கிறவனை, ஒரே கையால் பிடித்து மேட்டுக்கு இழுத்தாய். அந்தக் கை சுளுக்காமல் வேறு என்ன செய்யும்? ஊரார் சுளுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, உன் சுளுக்கு மட்டும் ஆத்தாள் கொடுத்த தண்டனையா? நொச்சி ஒத்தடம் கொடு. ஒரு வாரத்தில் சரியாகும். நீ எனக்குச் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறேன்.

இதை நேரில் வந்து சொல்லலாம் என்று உன் வாசல் வரைக்கும் வந்தேன். நீ கொல்லைப் பக்கமாக எழுந்து போய்விட்டாய்.

அர்ச்சுனன்


இண்டூர்
20-3-71

மாமாவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். வீக்கம் வற்றிவிட்டது. சுளுக்கு இருந்தது உண்மைதான், இப்போது இல்லை. ஆனாலும் யார் கழுத்தையாவது தொட்டால் நடுக்கம் வருகிறது. நேற்று மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். நீங்கள் படித்தவர், உங்களுக்கு இது புரியாது. என் கை அந்தச் சத்தியத்தைக் கேட்டிருக்கிறது.

காளியப்பன்


இண்டூர்
26-3-1971

அன்புள்ள மாப்பிள்ளை காளியப்பனுக்கு,

உன் கார்டைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் என்மேல் கோபம் வந்தது. உன் கைக்குப் பாடம் நடத்தி என்ன பயன்? அது என் மாணவன் இல்லை. அது எதை நம்புகிறதோ அந்த இடத்துக்கு நான்தான் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். உள்ளே. கிருஷ்ணப்பன் என்னைப் பார்த்துவிட்டு, வழி தவறி வந்துவிட்டேனோ என்று நினைத்து, "போஸ்டாபீசு அந்தப் பக்கங்க" என்றார். கற்பூரம் கேட்டேன். தட்டில் வைத்துக் கொளுத்திக் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். அன்றைக்கு உன்னை அவமானப்படுத்திய வாயால் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன்.

"ஆத்தா, உன்னை நான் கும்பிட்டதில்ல. இன்னிக்கும் எனக்காகக் கும்பிட வரல. என் மச்சான் சத்தியத்த மீறுனது எனக்காக. அவன் பேசலன்னா நான் கெணத்துல கெடப்பன். அவன் சத்தியம் பண்ணதும் என்னாலதான், நான் பேசுன பேச்சாலதான். அதனால அந்தச் சத்தியம் அவன்மேல இல்ல, என்மேல. ஒரு கை போயித்தான் ஆவணும்னா இந்தா, என் கை போவட்டும்."

சொல்லிவிட்டுக் கற்பூரத்தை என் வலது உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். மாப்பிள்ளை, நன்றாகச் சுடுகிறது. நீ அன்றைக்கு முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை, நான் "ஆ" என்று கத்திவிட்டேன்.

தீர்த்தம்மாளுக்கு விஷயம் தெரிந்ததும் அழுதாள். பாதி தேறி வந்த கையை இப்படி யாராவது பந்தயம் வைப்பார்களா என்று கேட்டாள். பிறகு உள்ளங்கைக்கு வெண்ணெய் தடவிவிட்டாள்.

நானும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் முழுக்கப் பயந்தேன். கற்பூரத்துக்குக் காது கிடையாது என்று முப்பது வருஷம் பாடம் நடத்தியவன், ராத்திரி எழுந்து உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதன் போயிற்று. வியாழன் போயிற்று. இன்று வெள்ளி. இந்தக் கடிதத்தை அந்தக் கையால்தான் எழுதுகிறேன். முதல் எழுத்திலிருந்து இந்த எழுத்து வரைக்கும். நிறுத்தவில்லை, விரல் மரக்கவில்லை, வரி கோணவில்லை. உன் ஆத்தாள் என்னை மன்னித்துவிட்டாளா, அல்லது நான் சொன்னதுதான் சரியா என்பதை நீயே முடிவு செய்துகொள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். சத்தியம் இப்போது உன்மேல் இல்லை. என்மேல் இருந்தது, அதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

நீ முதலில் கை வைத்த நாளிலிருந்து எண்ணினால், சேலத்து டாக்டர் சொன்ன இரண்டு மாதத்துக்கு இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. நீ வராத இந்த இரண்டு வாரத்தில் கழுத்து திரும்பவும் கல்லாகிக்கொண்டு வருகிறது. எனக்குக் கத்தி வேண்டாம் மாப்பிள்ளை. உன் கை வேண்டும். நடுங்கினாலும் பரவாயில்லை, என் தலையின் பாரத்தை அதில் வைத்துவிடுகிறேன், நடுக்கம் தானாக நின்றுவிடும்.

உன் மாமன்
அர்ச்சுனன்


இண்டூர்
28-3-71, ஞாயிறு

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நேற்றிலிருந்து ஏழெட்டுத் தடவை படித்துவிட்டேன். நீங்கள் சொன்னதைவிட உங்கள் எழுத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஜனவரியில் எழுதிய முதல் கடிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு சவுரியப்பன் கொத்தனார் வீட்டுக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "தோள்பட்ட வலிக்குது, புடிச்சு வுடு" என்றார். பிடித்துவிட்டேன். கை நடுங்கவில்லை.

இன்றைக்குத் தபால் கிடையாது. நாளை வரைக்கும் என்னால் பொறுக்க முடியாது. இதை நானே எடுத்துக்கொண்டு வந்து அக்காளிடம் கொடுக்கிறேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பேன். படித்து முடித்ததும் என்னைப் பார்க்கத் தலையைத் தூக்குவீர்கள். மெதுவாகத் தூக்குங்கள் மாமா, வெடுக்கென்று தூக்காதீர்கள். நான் எங்கேயும் போக மாட்டேன்.

காளியப்பன்